இருபது நிமிடம் முந்தி

அன்று காலை ஏழரைக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்தபோது என் கைப்பையில் இருந்த நாவலில் நாற்பது பக்கம் மிச்சமிருந்தது. நூறு பக்கம் மிச்சம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், பின்னேரம் வீட்டில் வாசிக்கலாம். நாற்பது பக்கம் என்றால் கை சும்மா இருக்காது.

அது ஒரு பெரிய வெளிநாட்டு நகரத்தின் நிலக்கீழ் ரயிலில் வேலை செய்யும் பெண்ணின் கதை. அந்த ரயில் பாதையில், வரைபடத்தில் இல்லாத ஒரு மேடை இருக்கிறது. அதில் இறங்கி வெளியே வந்தால் நேரம் இருபது நிமிடம் முந்தியிருக்கும். அவளுடைய தம்பி வீதியில் அடிபட்டு இறந்துபோகிறான். அவள் அந்த மேடைக்கு ஓடுகிறாள். தம்பி தப்பிவிடுகிறான், வேறு யாரோ அடிபடுகிறார்கள். அவள் மறுபடி ஓடுகிறாள். நான் நிறுத்தியிருந்த இடத்தில் அவள் ஆறாவது தடவையாகப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இப்படிப்பட்ட புத்தகங்கள் கிடைப்பது மச்சாளால். அவள் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறாள். சுற்றுலா வருகிறவர்கள் வாசித்துவிட்டு விட்டுப்போகும் புத்தகங்கள் அங்கே ஓர் அலுமாரியில் சேரும். மாரி தொடங்க முதல் அலுமாரியைக் காலி பண்ணுவார்கள். அப்போது ஒரு பை நிறையக் கொண்டுவந்து தருவாள். பக்கங்களுக்குள் மணல் இருக்கும், அட்டையில் வெயிலுக்குப் பூசும் கிறீமின் மணம் இருக்கும். காதல் கதைகளையும் கொலைக் கதைகளையும் நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். இரண்டு வகையைத்தான் வைத்துக்கொள்வேன். ஒன்று, காலத்தில் பின்னால் போகிற கதைகள். மற்றது, கண்ணுக்குத் தெரிகிற நகரத்துக்குள்ளேயே இன்னொரு நகரம் ஒளிந்திருக்கிற கதைகள். என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட இவற்றால் வந்ததுதான் கூட.

ஏன் இவை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். யுத்தமும் சுனாமியும் கண்ட எங்கள் ஊரில், திரும்பிப் போய் ஒரு நாளை, ஒரு மணித்தியாலத்தை மாற்ற விரும்பாத வீடு குறைவு. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. இந்தப் புத்தகங்களில் அதைப் பற்றி மட்டும்தான் கதைத்தார்கள். ஒளிந்திருக்கும் நகரங்களின் கதைகளை வாசித்துவிட்டு, அன்புவழிபுரத்திலிருந்து வேலைக்கு வரும் வழியில் நானும் கதவு தேடுவேன். உள்துறைமுக வீதியில் வருடக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் ஒரு பண்டகசாலை. மதிலில் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு வளைவு. அதற்குள் யார் இருக்கக்கூடும் என்று யோசித்தபடி நடப்பேன். முப்பத்தெட்டு வயதில், வெளியே சொல்ல வெட்கமான விளையாட்டு.

எங்களுடையது சிறிய ஆய்வுகூடம். முதலாளியான சேர் அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றவர், மெசினுக்குப் பக்கத்தில் இருப்பார். இரத்தம் எடுப்பது, பெயர் பதிவது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் நான். அன்று காலை ஒரே சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் இருதய வால்வு மாற்றியிருந்தது. இருவரும் இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அந்த எண்ணை வைத்துக் குளிசையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எண் கூடினால் இரத்தம் இளகிவிட்டது, குறைந்தால் தடித்துவிட்டது.

முதலில் திரியாயிலிருந்து வந்த பாலர் பாடசாலை டீச்சர். என் வயதுதான் இருக்கும். ஆறு மணிக்கே பஸ் பிடித்து வந்திருந்தாள். இரண்டாவது இறக்கக்கண்டியில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ஒருவர் பின் ஒருவராக எடுத்தேன். நீல மூடிக் குழாய்கள் இரண்டு. எடுத்தவுடன் குழாயில் பெயர் எழுத வேண்டும். அவர்கள் பஞ்சை அமத்திக்கொண்டிருந்தபோது நான் நாவலை வைத்திருந்த மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். அரைப் பக்கம்தான். தம்பிக்காரன் வீதியைக் கடக்கக் காலை எடுத்து வைக்கிறான். லாச்சியை மூடினேன், திரும்பத் திறந்தேன். பிறகு குழாய்கள் இரண்டையும் எடுத்துப் பெயர் எழுதினேன். எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

பதினொன்றரைக்கு முடிவுகள் வந்தன. டீச்சரின் எண் குறைவு. கடையில் சாமான் வாங்கிவிட்டு வந்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டாள்.

"குறைஞ்சிருக்கு என்ன? ரெண்டுக்குக் கீழ வந்தா அரைக் குளிசை கூட்டிப் போடச் சொல்லி டொக்டர் கொப்பியில எழுதித் தந்தவர்," என்றாள்.

"எத்தனை மணிக்குப் போடுறனீங்கள்?"

"ஆறு மணிக்கு. போனில அலாம் வைச்சிருக்கிறன், அடிக்கும்."

ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நானாவின் எண்தான் எங்களைக் கலக்கியது, அவ்வளவு கூட. இரத்தம் அந்த அளவுக்கு இளகினால் உள்ளே எங்காவது கசியத் தொடங்கலாம். பன்னிரண்டிலிருந்து லாப்பின் மேசைப் போனில் அவருக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டே முக்காலுக்குத்தான் எடுத்தார்.

"நானா, லாப்பில இருந்து கதைக்கிறன். உங்கட இரத்தம் கடுமையா இளகிப்போய் இருக்கு. இண்டைக்கு அந்தக் குளிசையைப் போட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் அதை நம்பவில்லை.

"தங்கச்சி, நான் அந்தக் குளிசை போட்டு நாலு நாளாச்சு. முடிஞ்சு போச்சு. நாளைக்குக் கிளினிக்கில எடுப்பம் எண்டு இருந்திட்டன். போடாத குளிசைக்கு எப்படி இளகும்?"

போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். மேசையில் இரண்டு குழாய்கள் பெயரில்லாமல் கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று நினைத்துப் பார்க்கிறேன். லாச்சிதான் ஞாபகம் வருகிறது. அந்தத் தம்பியின் கால் ஞாபகம் வருகிறது.

சேரிடம் சொன்னேன். அவர் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். இருவருடைய பழைய பதிவிலும் இரத்த வகை இருந்தது. நானாவுக்கு ஒன்று, டீச்சருக்கு வேறொன்று. குழாய்களில் மிஞ்சியிருந்ததில் ஒவ்வொரு துளி எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம். டீச்சரின் பெயர் எழுதிய குழாயில் நானாவின் வகை இருந்தது.

"மாறித்தான் இருக்கு," என்றார்.

டீச்சர் தந்திருந்தது கணவனின் நம்பர் மட்டும்தான், அவளுடைய நம்பர் எங்களிடம் இல்லை. என் கைப்போனில் அடித்தேன், நிறுத்தி வைத்திருக்கிறது என்று சொன்னது. திரும்ப அடித்தேன். ஐந்து தடவை, ஆறு தடவை. அவர் வயலில் நிற்பார் என்று காலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று மணி. ஆறு மணிக்கு அவளுடைய போன் அடிக்கும், அவள் ஒன்றரைக் குளிசையை எடுத்துத் தண்ணீர் குடிப்பாள். ஏற்கனவே ஆபத்தான எண்.

மேசைப் போனில் நானா லைனை வைக்காமல் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"திரியாய் எண்டா எனக்குத் தெரியும். அங்க மீன் எடுக்கப் போறனான். நான் தனியப் போய்ச் சொன்னா நம்பமாட்டாங்க, நீங்க பஸ்ஸில இறக்கக்கண்டிக்கு வாங்க. பாலத்தடியில லொறியோட நிக்கிறன்."

நான் வெளிக்கிடும்போது சேர் வாசல் வரை வந்தார்.

"மெசினில ஒரு பிழை எண்டு சொல்லுங்கோ. முதல்ல ஆளைக் காப்பாத்துவம். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

நான் தலையாட்டினேன்.

புல்மோட்டை பஸ் ஒவ்வொரு கடையடியிலும் நின்றது. ஓர் அரிசி மூட்டையை ஏற்ற ஐந்து நிமிடம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டியபோது மூன்றே முக்கால். கைப்பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை, ஆனாலும் மனம் அதே வழியில்தான் ஓடியது. இருபது நிமிடம் எனக்குப் போதாது, ஏழரை மணித்தியாலம் வேண்டும். ஏழரை மணித்தியாலம் பின்னால் போனால் எந்த இடத்தில் இறங்குவது? பெயர் எழுதாமல் குழாயை வைத்த இடத்திலா? லாச்சியைத் திறந்த இடத்திலா? புத்தகத்தை வேலைக்குக் கொண்டுவந்த காலையிலா? அதுவும் முதல் தடவை இல்லை. இரண்டு மூன்று வருடமாக லாச்சிக்குள் புத்தகம் இருந்துகொண்டே இருக்கிறது. நான் வாசித்த கதைகளில் வருகிறவர்களுக்கு எந்த நிமிடம் பிழைத்தது என்று எப்போதும் திருத்தமாகத் தெரியும். பஸ்ஸில் இருந்த எனக்கு அது தெரியவில்லை.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நானா தன் சின்ன லொறியை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வெறும் ஐஸ் பெட்டிகள். ஏறியதும் கேட்டார்.

"அப்ப என்ட இரத்தம் தடிச்சா கிடக்கு?"

"ஓம் நானா. உங்களுக்கும் ஆபத்துத்தான். நாலு நாள் போடாம விடலாமா?"

"அது என்ட பிழை. இது ஆர்ட பிழை?"

"மெசினில..." என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்தபடி, "மெசின்," என்று மட்டும் சொன்னார்.

குச்சவெளி தாண்டியபோது ஐந்து மணி. மாடுகள் வீதியை மறித்துப் படுத்திருந்தன. அவர் ஹோன் அடித்தார், இறங்கிப்போய் ஒன்றைத் தட்டி எழுப்பினார். நான் போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரியாயில் முதல் கண்ட கடையில் பாலர் பாடசாலை டீச்சர் வீடு எது என்று கேட்டார். இரண்டு ஒழுங்கை தள்ளிக் காட்டினார்கள். ஐந்து நாற்பதுக்கு அவள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

அவள் குசினியிலிருந்து வந்தாள். இடதுகை விரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. துணி முழுக்கச் சிவப்பு.

"டீச்சர், குளிசை போட வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தனான். ரிப்போர்ட் பிழை. உங்கட இரத்தம் தடிக்கேல்லை, இளகிக் கிடக்கு."

அவள் என்னையும் பின்னால் நின்ற நானாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் போட்டிட்டனே. அந்த எண்ணைப் பாத்துப் பயந்துபோய், வந்த கையோட மூண்டு மணிக்கே போட்டிட்டன். ஒண்டரையும்."

ஆறு மணி, ஆறு மணி என்று மூன்று மணித்தியாலமாக நான் துரத்திக்கொண்டு வந்த நேரம் அங்கே இல்லை. நான் பஸ் ஏறிய நேரத்தில் அவள் குளிசையை விழுங்கியிருக்கிறாள்.

"விரலுக்கு என்ன?"

"வெங்காயம் வெட்டேக்க சின்னனாக் கீறினது. அரை மணித்தியாலமா நிக்குதில்லை."

"என்னண்டு பிழை வந்தது?" என்று அவள் கேட்டாள்.

"மெசினில ஒரு பிழை," என்றேன். சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தேன்.

கணவர் அப்போதுதான் வயலிலிருந்து வந்தார். கத்தவில்லை. உள்ளே போய் அவளுடைய கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். லொறியின் முன்னால் நானா, டீச்சர், நான். கணவர் மோட்டார் சைக்கிளில் பின்னால். அவள் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். துணி நனைந்துகொண்டே இருந்தது. தலையிடிக்கிறதா என்று ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கேட்டேன். நாலாவது தடவை, "நீங்கள் கேக்கேக்கதான் இடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். கிட்ட இருந்த ஆஸ்பத்திரியில் விரலைக் கட்டி, அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே திரும்பச் சோதித்தபோது எண் எங்களுடைய மெசின் காட்டியதைவிடக் கூட இருந்தது. மாற்று மருந்து கொடுத்தார்கள். நானாவையும் அதே இடத்தில் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். விரலில் இரத்தம் நின்றிருந்தது. தலைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிவில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். கணவர் கட்டிலடியில் நின்றார். நான் கதிரையில் இருக்காமல் சொன்னேன்.

"மெசின் பிழை இல்லை டீச்சர். குழாயில பேர் எழுதாம வைச்சது நான். புத்தகம் வாசிச்சுக்கொண்டு இருந்தனான்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்கள் லாச்சியைத் திறந்து திறந்து பாத்ததைக் கண்டனான். போன் எண்டு நினைச்சன்." பிறகு கேட்டாள், "அப்ப ஏன் நேற்று மெசின் எண்டு சொன்னீங்கள்?"

"பயத்தில."

"பயம் எனக்கெல்லோ வந்திருக்க வேணும்."

கணவர் என்னை வெளியே போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப்போவதாகவும் சொன்னார். கொடுக்கத்தான் வேண்டும் என்றேன்.

மூன்றாம் நாள் போவதா விடுவதா என்று வாசலில் நின்று யோசித்தேன். போனேன். அவள் தனியாக இருந்தாள். என்னை இருக்கச் சொன்னாள்.

"என்ன புத்தகம் அது?"

அதை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னேன். அந்த மேடை, இருபது நிமிடம், தம்பி, ஆறு தடவை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய ஆள், நான் தாவிய இடங்களில் நிறுத்திக் கேட்டாள்.

"தம்பியைக் காப்பாத்தினாப் பிறகு, தான் ஒருக்காச் செத்தது தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அது நடக்கவே இல்லையெண்டு ஆகிடும்."

"அப்ப அவள் ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"இல்லை."

"நல்ல வசதி," என்றாள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு முன் எத்தனை புத்தகம் வாசித்திருப்பேன். ஒன்றை மட்டும் நான் ஒருபோதும் கவனித்ததில்லை. அந்தக் கதைகளில் பிழை அழிந்துபோகிறது, அதோடு பிழை செய்தவர் போய்ச் சொல்ல வேண்டிய ஆளும் அழிந்துபோகிறார். பின்னால் போகும் ஆசை என்று நான் நினைத்திருந்ததில் பாதி, முன்னால் போய் ஒரு முகத்தைப் பார்க்காமல் தப்பும் ஆசைதான். ஒளிந்திருக்கும் நகரங்களின் கதைகளிலும் அப்படித்தான். அந்த இரகசியம் தெரிந்தவர்கள் வீட்டாரிடம் பொய் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அவர்களின் நன்மைக்கு என்று. வாசிக்கும்போது அது எனக்கு வீரமாகப் பட்டிருந்தது. மெசின் என்று சொன்ன பின்னேரம் எனக்கு அதில் ஒரு வீரமும் தெரியவில்லை.

முறைப்பாடு வந்தது, விசாரித்தார்கள். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன். மெசின் என்று சொல்லச் சொன்னது தான்தான் என்று சேரும் எழுதினார். அவர் அப்படி எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதம் என்னை இரத்தம் எடுக்க விடவில்லை. நானா ஐந்து நாள் படுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். டீச்சர் வருவதில்லை. வேறு இடத்தில் சோதிக்கிறாள். அது அவளுடைய நியாயம்.

அந்த நாற்பது பக்கத்தை மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசியில் தம்பி தப்பி, மேசையில் இருந்து சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறான். அவள் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முந்தி என்றால் அழுதிருப்பேன். அன்றைக்கு அந்த அத்தியாயத்தை என்னால் நம்ப ஏலவில்லை. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு அவள் எப்படி அந்த மேசையில் இருந்து சோறு சாப்பிடுவாள் என்றே யோசித்தேன். இப்போதும் அந்த வகைப் புத்தகங்களை வாசிக்கிறேன், வீட்டில் மட்டும்.

போன மாதம் பஸ் நிலையத்தில் டீச்சரைக் கண்டேன். கண்டும் காணாததுபோல் போய்விடுவாள் என்று நினைத்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். பஸ் பிந்துவதைப் பற்றிக் கதைத்தோம். எண் எப்படி என்று கேட்டேன், சரியாக இருக்கிறது என்றாள்.

"இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?"

"ஒரு நகரத்துக்குக் கீழ இன்னொரு நகரம் இருக்கிற கதை. சந்தை இருக்கு, ராணி இருக்கு, காவல்காரர் இருக்கினம்."

"ஆஸ்பத்திரி இருக்கோ?"

யோசித்துப் பார்த்தேன். நான் வாசித்த அப்படிப்பட்ட நகரம் ஒன்றிலாவது கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறவர்களைக் கண்ட ஞாபகம் இல்லை.

"இல்லைப் போலக் கிடக்கு," என்றேன்.

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. புல்மோட்டை பஸ் வந்தது. ஏறி யன்னலோரம் இருந்து, மடியில் பையை வைத்துக்கொண்டாள். கொண்டக்டர் கதவைத் தட்ட, பஸ் வெளிக்கிட்டது.